நாற்பதில் நான்கு வாரத்தைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழின் நடுப்பக்கத்தில், வயிற்றுக்குள் குழந்தை மாதாமாதம் எப்படி வளர்கிறது என்று ஒன்பது கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பழத்தின் படத்தோடு போட்டிருந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம் இத்தனை அவசரமாக வருகிறது. கட்டங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு நான்கு வாரம் என்று போட்டிருக்கிறீர்கள், ஒன்பது கட்டத்துக்கு 36 வாரம். கடைசிக் கட்டத்தில் ‘குழந்தை முழு வளர்ச்சி அடைந்துவிட்டது, இனி எடை மட்டுமே கூடும்’ என்று எழுதி முடித்துவிட்டீர்கள். கர்ப்ப காலம் 40 வாரம். மீதி நான்கு வாரம் எங்கே போயிற்று?

நான் ஏற்காட்டுக்காரி. கிராம சுகாதார செவிலியராக இந்த மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டேப்பையும், வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற ஃபீட்டோஸ்கோப்பையும் பையில் போட்டுக்கொண்டு நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே போய் வயிறு பார்த்த காலம் உண்டு, நடக்க முடியாத பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்து, ஜீப்பில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் கையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிய ராத்திரிகளும் உண்டு. டாக்டர் இல்லை. ஆனால் வாரக் கணக்கு எனக்குத் தெரியும், அது தெரியாமல் எங்கள் வேலையே நடக்காது.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். கடைசியாகத் தூரமான (மாதவிலக்கு வந்த) முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். இதுதான் எல்லா ஆஸ்பத்திரியிலும் அட்டையில் எழுதுவது. நாங்கள் விரல்விட்டுப் போடுவது இன்னும் எளிது, அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வந்துவிடும். ஜூலை 22 என்றால் ஏப்ரல் 29. பாட்டிமார் ‘பத்து மாசம் சுமந்து பெத்தேன்’ என்று சொல்வதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏதோ ஏற்றிச் சொல்வதாக நினைக்கிறார்கள். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதத்துக்கு 280 நாள் அப்படியே வருகிறது, பாட்டி சொன்னது சரிதான். காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும், அதுவும் சரிதான். இரண்டையும் போட்டுக் குழப்பும்போதுதான் வினை. பாட்டி கணக்கில் மாதத்துக்கு நான்கு வாரம் என்று எண்ண ஆரம்பித்து, காலண்டர் கணக்கின் ஒன்பதில் கொண்டுபோய் நிறுத்தினால் 252 நாளிலேயே நின்றுவிடும். உங்கள் நடுப்பக்கத்தில் நடந்திருப்பது அதுதான். போன வருஷம் பங்குனியில் என் வீட்டில் நடந்ததும் அதுதான்.

அதற்கு முந்தைய ஆடிதான் என் மகளுக்குக் கல்யாணமான முதல் ஆடி. சேலத்துப் பக்கம் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவோம், புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்து மாதம் முழுக்க வைத்துக்கொள்வோம். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்கிற பேச்சு. கத்திரி வெயிலில் பிள்ளை பெற்றவள் படும் பாட்டுக்காக வந்த வழக்கம் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. என் மகளும் மருமகனும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள், லீவு இல்லை என்று நான்காம் நாளே கிளம்பிவிட்டாள். மிச்சத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும். பிரசவத் தேதி ஏப்ரல் 29 என்று வந்தது. சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14.

மாசியிலிருந்தே மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்புதான். பங்குனி பாதியில் சம்பந்தியே மலையேறி வந்துவிட்டார். செவ்வாப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், என் மகளைத் தன் மகள் மாதிரி பார்த்துக்கொள்பவர், அதில் நான் குறை சொல்லமாட்டேன். சிசேரியனுக்கு ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்த தாளைக் காட்டினார். ஏப்ரல் 11, காலை பத்தேகாலிலிருந்து பதினொன்றரைக்குள். “நர்சம்மா, அன்னைக்கு 37 வாரம் தாண்டிருது. நாலால வகுத்துப் பாருங்க, ஒன்பது மாசம் முடிஞ்சே போச்சு” என்று சொல்லிவிட்டு, கைபேசியில் எதையோ தேடி எடுத்து வாசித்துக் காட்டினார். முழு வளர்ச்சி அடைந்துவிட்டது, இனி எடை மட்டுமே கூடும். வார்த்தைக்கு வார்த்தை உங்கள் கடைசிக் கட்டத்தில் இருப்பதுதான்.

நான் அப்போதே பேசியிருக்க வேண்டும். மலை முழுக்க அடுத்த வீட்டுப் பெண்களுக்காக எத்தனையோ மாமியார்களோடு வாயாடியவள், என் மகள் விஷயத்தில், பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே என்று பயந்து, “டாக்டர் என்ன சொல்றாங்களோ அப்படியே செய்யுங்க அண்ணா” என்று நழுவிவிட்டேன். டாக்டரும் 37 தாண்டிவிட்டது, செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார். எந்த ஆஸ்பத்திரி என்பதை நான் எழுதப் போவதில்லை, இது ஒரு ஆஸ்பத்திரியோடு முடிகிற விஷயமும் இல்லை.

பெண் குழந்தை. 2 கிலோ 450 கிராம். பிறந்ததும் நன்றாக அழுதது, எல்லோரும் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூச்சு வேகமெடுத்துவிட்டது. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும், இவள் 80ஐத் தாண்டினாள். மூக்கு விடைக்கிறது, விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். எத்தனையோ குழந்தைகளுக்குக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சு எண்ணியவள் நான், பேத்திக்கு எண்ணும்போது இரண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜனோடு கிடந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், என் கண்ணாடியை ஒரு தடவை உடைத்தும் விட்டாள்.

அந்த மூச்சுக்குக் காரணம் என்ன என்பதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் உங்கள் முதல் கட்டத்திலும் ஒரு தவறு இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் கரு இருப்பது போல எழுதியிருக்கிறீர்கள். கணக்கு தூரமான நாளிலிருந்து தொடங்குகிறதே தவிர, கரு உண்டாவது சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். கருக்குழாயில் உண்டாகி, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்துகொண்டே நகர்ந்து வந்து, ஆறேழு நாளில் கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டத் தொடங்கும். அடுத்த தூரம் வரவேண்டிய தேதியில் அதன் நிஜ வயது இரண்டே வாரம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. கணக்குக்கும் வயதுக்கும் இருக்கும் இந்த இரண்டு வார இடைவெளி தெரியாமல், ஸ்கேனில் ஏழு வாரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி ஆறு வாரம்தானே ஆகிறது என்று ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்ட குடும்பத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

நாள் தள்ளிப்போய், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று பொறுத்து, சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்து, யாரிடம் முதலில் சொல்வது என்று ஒரு பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போது கணக்குப்படி ஐந்து வாரம் ஆகியிருக்கும். அந்த நேரத்திலேயே உள்ளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற தகடு, வாழையிலையின் இரண்டு ஓரத்தையும் மடித்துச் சேர்ப்பது போல மடிந்து, குழாயாக மூடிக்கொண்டிருக்கிறது. ஆறாவது வாரம் முடிகிற சமயத்தில் அந்த மூடல் முடிந்துவிடும். கரு அப்போது ஒரு மிளகு அளவுதான், இங்கே சில்வர் ஓக் மரத்தில் கொடியேறிக் காய்க்கிறதே அந்த மிளகு. அந்தக் குழாய் மேலே மூடாவிட்டால் மண்டையோடு உருவாகாது, கீழே மூடாவிட்டால் முதுகில் கட்டியோடு பிறக்கும். அதைப் பெரும்பாலும் தடுக்கக்கூடிய மாத்திரை ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கரு தங்கும் முன்பே சாப்பிட ஆரம்பித்திருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையில் பெண்கள் முழுகாமல் இருப்பதைச் சொல்வதே நான்காம் மாதம், ஐந்தாம் மாதம்தான், கண் பட்டுவிடும் என்று. அந்த மாத்திரையை அதற்கப்புறம் கொடுத்தால் அந்தக் குழாய்க்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. முதுகில் கட்டியோடு பிறந்த ஒரு பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நானே கீழே கொண்டுபோயிருக்கிறேன், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

எட்டு வாரத்தில் ஒன்றரை செண்டிமீட்டர், பழுத்த காப்பிப் பழம் அளவு. ப்ளூபெரி, கிவி என்று போட்டிருந்தீர்கள், எங்கள் ஊரில் யாருக்கு அதெல்லாம் தெரியும், உங்கள் பட்டியலில் வெண்ணெய்ப் பழம் ஒன்றுதான் எங்கள் தோட்டத்துப் பழம். அந்தக் காப்பிப் பழ அளவுக்குள் கை விரல்கள் பிரிய ஆரம்பித்துவிடுகின்றன. உதடும் மேலண்ணமும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கூடி முடிகின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிரகணத்தன்று ஏழு மாதக் கர்ப்பிணி காய் நறுக்கினால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று இன்னமும் கதவைச் சாத்தி உட்கார வைக்கிறார்கள். உதடு கூடி நாலைந்து மாதம் ஆன பிறகு அதை எந்தக் கத்தி பிளக்கும்? அந்தச் சாக்கில் அவளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறதே என்று நான் பல வீட்டில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன், அது வேறு.

ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகிற அந்த நொடியிலேயே, அப்பாவின் விந்தணுவில் எக்ஸ் வருகிறதா ஒய் வருகிறதா என்பதை வைத்து முடிந்துவிடுகிறது, தாய்க்கு அதில் பங்கே இல்லை. 1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் சேலத்தில்தான் முதலில் தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஊர்ப் பத்திரிகை, கருவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போடும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம்.

நடுவில் இருக்கும் கட்டங்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. 12 வாரத்தில் ஒரு எலுமிச்சை. அதற்குள் நஞ்சுக்கொடி தன் வேலையை முழுதாக எடுத்துக்கொண்டிருக்கும். தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் அங்கே கலப்பதில்லை, நடுவில் மெல்லிய சவ்வு, அதன் வழியாகச் சத்தும் பிராணவாயுவும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். குழந்தை பனிக்குட நீரைக் குடிக்கிறது, சிறுநீராக விடுகிறது, பிந்திய மாதங்களில் அந்த நீரில் பெரும்பகுதி அதுதான். (இதைச் சொன்னதும் வளைகாப்புக்கு வந்த ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார்.) 20 வாரத்தில் 300 கிராமுக்குக் கொஞ்சம் மேல், நம் சேலத்து மல்கோவாவில் சின்னதாக ஒன்று. தலைச்சன் பிள்ளை என்றால் 18, 20 வாரத்தில்தான் அசைவு தெரியும், அடுத்த பிள்ளை என்றால் கொஞ்சம் முன்னாலேயே. அதற்கப்புறம் டேப்பை வயிற்றில் வைத்து அளந்தால் 28 வாரத்துக்கு ஏறக்குறைய 28 செண்டிமீட்டர் வரும், அளவு பின்தங்கினால் உடனே கீழே அனுப்புவோம், ஸ்கேன் வருவதற்கு முன்னால் எங்கள் கையில் இருந்த ஸ்கேன் அந்த டேப்தான். ஏழாம் மாத வளைகாப்பில் வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்குமா என்று கேட்பார்கள். கேட்கும். ஆனால் அம்மாவின் குரலும் அவள் இதயத் துடிப்பும்தான் அதற்கு அதிகமாகக் கேட்கும்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றி உங்கள் கட்டுரையில் இருந்தது, நல்லது. அதைக் காப்பியோடு விழுங்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கலாம், காப்பியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. காப்பி விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. தோட்டத்தில் வெறுங்காலில் நடக்கிற பெண்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், அதனால் நான்காம் மாதத்துக்கு மேல் பூச்சி மாத்திரை ஒன்று. குங்குமப்பூவுக்கும் பிள்ளையின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

சரி, காணாமல் போன நான்கு வாரம்.

நுரையீரல் வயிற்றுக்குள் இருக்கும் வரை காற்றைப் பார்த்ததே கிடையாது, அது நிறையத் தண்ணீர்தான், அந்தத் தண்ணீரையும் நுரையீரலே சுரக்கிறது. காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து சுருங்க உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு வேண்டும், அது 24 வாரத்தை ஒட்டி ஊற ஆரம்பித்தாலும் போதுமான அளவு சேர்வதற்கு 35 வாரம் வரை ஆகிவிடும். அதனால்தான் 34 வாரத்துக்கு முன்னால் வலி கண்டுவிட்டால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு நுரையீரலை அவசர அவசரமாகத் தயார் செய்கிறார்கள். ஆனால் பூச்சு மட்டும் போதாது, தண்ணீர் வெளியேற வேண்டும். அதற்கான உத்தரவு பிரசவ நாள் நெருங்கும்போது, முக்கியமாக வலி எடுக்கும்போது, பிள்ளையின் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்களிலிருந்து வருகிறது, அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல் அப்படியே திரும்பி நீரை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. வலியே எடுக்காமல், 39 வாரத்துக்கு முன்னால், கத்தி வைத்து எடுத்தால் அந்த உத்தரவு போய்ச் சேர்ந்திருக்காது. ஈர நுரையீரலோடு குழந்தை வெளியே வந்து, தண்ணீருக்கு நடுவே காற்றைத் தேடி நிமிடத்துக்கு 80 தடவை இழுக்கும். என் பேத்திக்கு நடந்தது அதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். சிலருக்கு வற்றாமல் சிக்கலாகவும் ஆகும்.

மூளையைக் கேட்டால் உங்கள் நடுப்பக்கத்தை எழுதியவரே ஆடிப்போவார். 35 வாரத்தில் குழந்தையின் மூளை எடை, நாள் நிறைந்து பிறக்கும் குழந்தையின் மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் ஒரு பங்கில் பெரும்பகுதி வளர்வது நீங்கள் கட்டம் போடாமல் விட்ட அந்த வாரங்களில்தான். இதையா ‘எடை மட்டுமே’ என்று எழுதுவது?

அப்புறம், தாய் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கிற சீர் இருக்கிறதே, அதில் கனமானதெல்லாம் கடைசியில்தான் போகிறது. பிறந்து நான்கைந்து மாதத்துக்கு வேண்டிய இரும்பைத் தாய் கொடுப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், அதிலும் முடிகிற வாரங்களில் அதிகம். அவள் உடம்பில் இருக்கிற நோய் எதிர்ப்புப் புரதங்கள், அவளுக்குப் போட்ட தடுப்பூசியின் பலன் உட்பட, நஞ்சுக்கொடி வழியாக வேகமாகப் போய்ச் சேர்வதும் கடைசி நான்கு வாரத்தில். தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்வது அப்போது, அது இல்லாவிட்டால் குழந்தைக்குச் சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது, ஏற்காட்டுக் குளிரில் அது விளையாட்டு இல்லை. ஈரலில் சர்க்கரை சேர்வதும் அப்போதுதான், அது குறைந்தால் முதல் நாளே சர்க்கரை இறங்கிக் குழந்தை துவண்டுபோகும். சப்பி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற அந்த மூன்று வேலையும் ஒரு தாளத்தில் சேர்வது 34 வாரத்துக்கு மேல், அது திடமாக இன்னும் நாள் ஆகும். முன்னதாக எடுத்த குழந்தை மார்பில் வாய் வைத்துவிட்டு இரண்டு சப்பு சப்பித் தூங்கிவிடும், உடனே எல்லோரும் தாயிடம் ‘உனக்குப் பால் பத்தல’ என்பார்கள். பால் என்ன செய்யும் பாவம்.

பேத்தி வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சம்பந்தியிடம் இதைச் சொல்லப் பார்த்தேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் பேர்வழி என்று, “கொலுசு கோத்து முடிச்சதும் மெருகு போடாம கடைக்கு அனுப்புவீங்களா அண்ணா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “மெருகுதானே நர்சம்மா, அதை வெளியே வந்தும் போட்டுக்கலாமே” என்றார். என் உவமை என்னையே கவிழ்த்துவிட்டது. மெருகு என்று நான் சொன்னதே தப்பு, அது பற்றவைப்பு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்ற பேச்சு. மலையில் எட்டாம் மாதத்தில் வலி கண்ட பெண்ணை, எப்படியும் தங்காது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குக் கூடுதல் பலம்தான், ஏழை விட எட்டு மேல், எட்டை விட ஒன்பது மேல், இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. அதே மாதிரி, கடைசி மாதத்தில் இடம் இல்லாததால் அசைவு குறையும், பயப்படாதே என்று சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உதைக்கிற விதம் மாறும், உருளுவது அதிகமாகும், ஆனால் அசைவே குறைந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முன்னதாக எடுப்பதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்த அழுத்தம் எகிறினால், சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால், பனிக்குடம் உடைந்தால், பிள்ளை வளராமல் நின்றுபோனால், இரட்டைப் பிள்ளையாக இருந்தால், டாக்டர் 37இல் என்ன, 32இல் எடுக்கச் சொன்னாலும் ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாது. அப்போது வயிற்றுக்குள் இருப்பதுதான் ஆபத்து. அதே போல 40 தாண்டியும் வலி வரவில்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது, நஞ்சுக்கொடிக்கும் ஒரு ஆயுள் உண்டு. நான் சொல்வது தாய்க்கும் பிள்ளைக்கும் எந்தக் குறையும் இல்லாமல், ஒரு நட்சத்திரத்துக்காகவோ ஒரு மாதப் பிறப்புக்காகவோ நாள் குறிப்பதை. சிசேரியன்தான் என்று ஏற்கெனவே முடிவான பெண்ணுக்கு 39 வாரம் முடிந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்க்கட்டும், ராகு காலத்தைத் தவிர்க்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. நானே பார்ப்பேன்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்த ஒன்பது கட்டத்தோடு பத்தாவதாக ஒரு கட்டம், 37இலிருந்து 40 வரை, வரும் ஞாயிறே போடுங்கள். மூளை, நுரையீரல், இரும்பு, எதிர்ப்பு சக்தி என்று நான்கு வார்த்தை இருந்தாலும் போதும், பழம் படம் வேண்டுமானால் பலாப்பிஞ்சு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதே இணைப்பிதழின் ராசிபலன் பக்கத்தில் ‘சிசேரியனுக்கு உகந்த நாட்கள்’ என்று ஒரு பெட்டி வருகிறது. அதை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் அதற்கு அடியில் ‘39 வாரம் முடிந்தவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரியாவது சேருங்கள்.

பெரிய எழுத்தில் போட்டால் எனக்குத் தனிப்பட்ட முறையிலும் உதவியாக இருக்கும். சம்பந்தியின் இளைய மருமகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள், பிரசவத் தேதி மே 3. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே எனக்குப் போன் வந்துவிட்டது. “நர்சம்மா, பேப்பர்லயே போட்டுட்டான் பாருங்க, ஒன்பது மாசத்துல எல்லாம் முடிஞ்சிருதாம்” என்றார். இந்தத் தடவை நான் நழுவவில்லை, அந்த வயிற்றுக்கு வாரம் எண்ணிச் சொன்னேன், 39க்கு முன்னால் தொட வேண்டாம் என்றேன். “நீங்க சொல்றீங்க, பேப்பர்ல வேற மாதிரி இருக்கே” என்கிறார். அவருக்கு அச்சில் வந்தால்தான் நம்பிக்கை. ஆகவே பங்குனி முடிவதற்குள் போட்டுவிடுங்கள், அவர் காலைக் காப்பியோடு உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.